வானம் அளந்த கதை – 9: மெட்ராஸ் கடிகாரமும் வியாழனின் நான்கு நிலவுகளும்

யோங் பெங் கடைத்தெருவில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாலும், அது பகல் 12 என்று காட்டும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. சராசரியாக இன்னும் 1 மணி 8 நிமிடம் கழித்துத்தான் வரும். ஜோகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிறுநகரம், கிரீன்விச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 103 பாகை 4 கலையில் அமைந்திருக்கிறது. அந்தத் தொலைவுக்கு இயற்கையாக அமைந்த நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி 52 நிமிடம் முன்னே. மலேசியா வைத்திருப்பதோ 8 மணி முன்னே. செம்பனைத் தோட்டங்களுக்கு மேல் மாலை 7 மணிக்கும் வெளிச்சம் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த 103 பாகை என்ற எண் எங்கிருந்து வந்தது? இன்று கைப்பேசி நொடியில் சொல்லிவிடும். 19ஆம் நூற்றாண்டில் மலாயாவின் வரைபடத்தைத் திருத்தியவர்களுக்குச் சிங்கப்பூரின் இடம் துல்லியமாகத் தெரிய வேண்டியிருந்தது. அதை மெட்ராஸிலிருந்து கடலடித் தந்தி வழியாக அளந்தார்கள். மெட்ராஸ் பூமியில் எங்கே இருக்கிறது என்பதை அதற்கும் முன்னால் யார், எதைக் கொண்டு அளந்தார்கள்? மாலை வானில் விளக்குப்போல் நிற்கும் வியாழனையும் அதைச் சுற்றும் நான்கு நிலவுகளையும் கொண்டுதான். இந்தப் பகுதி அந்த அளவையின் கதை.

சென்ற பகுதியில், 1825-இல் ஜான் வாரன் புதுச்சேரியில் கண்ட பஞ்சாங்கக் கணிதரைப் பார்த்தோம். தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே, எழுத்தில் ஒன்றும் குறிக்காமல், சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும் என்பதைச் சில நிமிட வித்தியாசத்தில் அவர் கணித்தார். அந்த மரபுக்கு வியாழனும் நன்கு பழகிய கோள். ராசிக்கு ஏறத்தாழ ஓராண்டு, முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 12 ஆண்டு. நுட்பமாகச் சொன்னால் 11.86 ஆண்டு. கும்பகோணத்தில் மகாமகம் 12 ஆண்டுக்கு ஒருமுறை வருவதும் குரு சிம்மத்தில் நிற்கும் கணக்கை ஒட்டியே. மலேசியக் கோயில்களில் குருப் பெயர்ச்சி நாளில் கூடும் கூட்டமும் அதே கணக்கின் தொடர்ச்சிதான்.

ஆனால் அந்தக் கணக்கில் வியாழனுக்கு நிலவுகள் கிடையாது. அவற்றின் ஒளி உண்மையில் வெறும் கண்ணுக்கு எட்டாத அளவுக்கு மங்கலன்று. தனியே நின்றால் இருட்டான இரவில் சிறு விண்மீன்களாகத் தெரியும். பக்கத்திலேயே நிற்கும் வியாழனின் பிரகாசம் அவற்றை விழுங்கிவிடுகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீன வானியலாளர் கான் தே, வியாழனை ஒட்டி ஒரு சிறு விண்மீனைக் கண்டதாக ஒரு குறிப்பு இருக்கிறது. அது கனிமீடு என்ற நிலவாக இருக்கலாம் என்று 1981-இல் ஷி செசோங் என்ற சீன வரலாற்றறிஞர் வாதிட்டார். இருக்கலாம், ஆனாலும் ஒருமுறை கண்டது வேறு, இரவுதோறும் பின்தொடர்ந்து கணக்கெடுப்பது வேறு. பின்னதற்குக் கண்ணாடி வேண்டும்.

1610 ஜனவரி 7 இரவு, இத்தாலியின் பாதுவாவில் கலிலியோ தம் தொலைநோக்கியை வியாழன் பக்கம் திருப்பினார். ஒரே நேர்கோட்டில் மூன்று சிறு புள்ளிகள் தெரிந்தன. அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. நான்காவதும் வந்து சேர்ந்தது. இன்று அவற்றை அயோ, யுரோப்பா, கனிமீடு, காலிஸ்டோ என்கிறோம். அயோ 42 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்துக்கொண்டு ஒரு சுற்று முடிக்கிறது. யுரோப்பாவுக்கு மூன்றரை நாள், கனிமீடுக்கு ஏழு நாளுக்குக் கொஞ்சம் கூட, காலிஸ்டோவுக்கு 16 நாளுக்கு மேல். அயோ நான்கு முறை சுற்றும் காலத்தில் யுரோப்பா இரண்டு முறையும் கனிமீடு ஒரு முறையும் சுற்றிவிடுகின்றன. இந்தத் தாளம் தப்புவதேயில்லை.

தப்பாத தாளம் என்றால் அது கடிகாரம். கலிலியோ இதை இரண்டே ஆண்டில் உணர்ந்து, கடலில் கப்பல் நிற்கும் இடத்தை அறிய இந்த நிலவுகளைப் பயன்படுத்தலாம் என்று ஸ்பெயின் அரசிடம் யோசனை வைத்தார்.

விஷயம் இவ்வளவுதான்: பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது, அதாவது ஒரு பாகைக்கு 4 நிமிடம். இரண்டு ஊர்களின் உள்ளூர் நேர வித்தியாசம் தெரிந்தால் அவற்றுக்கு இடையே எத்தனை பாகை என்பது தெரிந்துவிடும். உள்ளூர் நேரம் அறிவது பெரிய சிரமமில்லை. சூரியனோ ஒரு விண்மீனோ உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்தால் போதும். ‘இதே கணத்தில் லண்டனில் மணி என்ன?’ என்பதுதான் கேள்வி. தந்தியும் வானொலியும் இல்லாத காலம். கப்பலில் மாதக்கணக்கில் ஆடி அசைந்து வந்த கடிகாரத்தை நம்ப முடியாது. ஆகவே இரண்டு ஊர்களிலும் ஒரே கணத்தில் தெரியக்கூடிய ஒரு நிகழ்ச்சி வானத்தில் வேண்டும். சந்திர கிரகணம் உதவும். ஆனால் அது ஆண்டுக்கு இரண்டொரு முறைதான் வரும், நிழலின் விளிம்பும் தெளிவாக இராது. அயோவோ 42 மணிக்கு ஒருமுறை வியாழனின் நிழலுக்குள் புகுந்து மறைந்து, பிறகு வெளிவருகிறது. அந்த மறைவு லண்டனிலும் மெட்ராஸிலும் ஜோகூரிலும் ஒரே கணத்தில் நிகழ்கிறது.

கடலில் இது பலிக்கவில்லை. ஆடும் தளத்தில் நின்றுகொண்டு நீண்ட தொலைநோக்கிக்குள் ஒரு புள்ளியைப் பிடித்து வைக்க எவராலும் முடியவில்லை. தரையில் பலித்தது. 1668-இல் வானியலாளர் காசினி இந்த மறைவுகளுக்கு நல்ல அட்டவணை வெளியிட்டார். பிரான்சின் வரைபடமே அதனால் திருத்தப்பட்டது. அந்த அட்டவணையைவிட அயோ சில மாதங்களில் முந்துவதையும் சில மாதங்களில் பிந்துவதையும் கவனித்த டென்மார்க்காரர் ஓலே ரோமர், 1676 நவம்பரில் வரவேண்டிய ஒரு நிகழ்ச்சி 10 நிமிடம் தாமதமாக வரும் என்று முன்கூட்டியே அறிவித்தார். அப்படியே வந்தது. பூமி வியாழனை விட்டு விலகிப் போகும்போது ஒளி கூடுதல் தூரம் கடந்து வருகிறது, ஒளிக்கும் பயண நேரம் உண்டு என்பது அன்று தெரிந்தது. இடம் குறிக்க வைத்த கருவி, ஒளியின் வேகத்தையே காட்டிக் கொடுத்துவிட்டது.

இந்தக் கலை நம் பக்கம் வந்தது சயாம் வழியாக. 1685-இல் பிரெஞ்சு மன்னர் அனுப்பிய ஏசு சபைக் கணிதர்கள் நன்னம்பிக்கை முனையில் இறங்கியபோதே வியாழனின் நிலவுகளைப் பார்த்து அந்த இடத்தின் தீர்க்கரேகையைக் குறித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று லோப்புரியில் சயாம் மன்னர் நாராயும் அவர்களோடு சேர்ந்து சந்திர கிரகணத்தைப் பார்த்தார். பழைய ஐரோப்பிய வரைபடங்கள் தென்கிழக்காசியாவைக் கிழக்கே வெகுதூரம் தள்ளி வரைந்திருந்தன. அதை மேற்கே இழுத்து உரிய இடத்தில் வைக்க இத்தகைய அளவைகள் உதவின. மலாய்த் தீபகற்பமும் அந்த வரைபடத்தின் ஒரு பகுதிதான்.

அடுத்த குழுவில் வந்தவர் ழான் ரிஷோ பாதிரியார். 1688-இல் சயாமில் நடந்த ஆட்சி மாற்றம் பிரெஞ்சுக்காரர்களை வெளியேற்றியது. அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்மீனைப் பின்தொடர்ந்தபோது 12 அடி நீளத் தொலைநோக்கியில் ஆல்பா சென்டாரி விண்மீன் ஒன்றாக இல்லை, இரண்டாக இருப்பதைக் கண்டார். தமிழ் மண்ணிலிருந்து தொலைநோக்கியால் நிகழ்ந்த கண்டுபிடிப்புகளில் நாம் அறிந்த முதலாவது இது. யோங் பெங் வாசகர்கள் அந்த விண்மீனை மே, ஜூன் இரவுகளில் தெற்கே சுமார் 27 பாகை உயரத்தில் காணலாம். லண்டன்வாசிக்கு அது வாழ்நாள் முழுவதும் தெரியாது.

இனி மெட்ராஸ்.

சோழமண்டலக் கரையில் துறைமுகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத காலத்தில், கரை எங்கே இருக்கிறது என்பதே கப்பல்களுக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வானியல் மேல் பிறந்த அக்கறையின் வேர் அங்கே இருக்கிறது. 1786-இல் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி எழும்பூரில் தம் சொந்தச் செலவில் இரும்பும் மரமும் கொண்டு ஒரு சிறு வானாய்வகம் அமைத்தார். பிறகு தம் கருவிகளைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். கரையோரத்தை அளந்துகொண்டிருந்த மைக்கேல் டாப்பிங், நுங்கம்பாக்கத்தில் நிலையான ஒரு கட்டடத்துக்கு வரைபடம் போட்டார். 1792-இல் அது எழுந்தது. நடுவில் 18 அடி உயர, 10 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் தூண். அதன் உச்சியில் கருவி. கட்டடம் அதிர்ந்தாலும் தூண் அசையாது. ஆயிரம் ஆண்டு கழித்தும் இந்தக் கலை இங்கே ஊன்றப்பட்ட காலம் தெரியவேண்டும் என்ற எண்ணத்தோடு, தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் தூணில் எழுத்து வெட்டினார்கள். வானாய்வகம் போய்விட்டது. தூண் நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. புயல் செய்திக்காகத் தொலைக்காட்சியில் அந்த வளாகத்தை அடிக்கடி பார்க்கும் மக்களில் பெரும்பாலோர் தூணைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேள்விப்பட வேண்டும்.

டாப்பிங் 1796-இல் இறந்தார். அவருக்குப் பின் வானியலாளர் பொறுப்பு ஜான் கோல்டிங்காமுக்கு வந்தது. இவர் பல தொழில் தெரிந்தவர். 1794-இல் எட்டுச் சிறுவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளியை நடத்தினார். அதுதான் வளர்ந்து வளர்ந்து கிண்டி பொறியியல் கல்லூரி ஆயிற்று. மெட்ராஸ் விருந்து மண்டபத்தைக் கட்டியதும் இவரே. இன்று அதன் பெயர் ராஜாஜி மண்டபம். எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட படிக்கட்டு அது. மலேசியாவிலும் வீடுகளில் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள்.

அந்த மண்டபத்தை வடிவமைத்தவர் இரவுகளில் வியாழனைப் பார்த்தார். வேலை இப்படி நடக்கும். விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடப்பதைக் கொண்டு ஊசல் கடிகாரத்தை முதலில் மெட்ராஸ் உள்ளூர் நேரத்துக்குச் சரிசெய்துகொள்ள வேண்டும். 1767 முதல் வெளிவந்துகொண்டிருந்த கப்பலோட்டிகளின் ஆண்டுப் பஞ்சாங்கம், அயோ எந்த நாள் எந்த மணிக்கு நிழலுக்குள் போகும் என்பதை லண்டன் பக்கத்துக் கிரீன்விச் நேரத்தில் சொல்லும். குறித்த நேரத்துக்கு வெகு முன்பே பார்ப்பவர் தொலைநோக்கியில் கண் வைக்கிறார். கண் புள்ளியின் மேல், காது ஊசலின் தட்டலின் மேல். நொடிகளை மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அயோ மறையும்போது விளக்கு அணைவதைப்போல் சட்டென்று மறையாது. அதற்கும் பருமன் உண்டு, நிழலின் விளிம்பைக் கடக்க மூன்றரை நிமிடம் பிடிக்கும். மங்கி, இன்னும் மங்கி, இருக்கிறதா இல்லையா என்று ஐயமாகி, ஒரு நொடியில் இல்லை. அந்த நொடியைத்தான் எழுத வேண்டும்.

எந்த நொடி? சிறிய தொலைநோக்கியில் சீக்கிரம் மறையும். பெரியதில் இன்னும் சில நொடி தாக்குப்பிடிக்கும். மெட்ராஸ் கடற்காற்றின் ஈரம் கூடினால் ஒரு கணக்கு, வானம் துடைத்தாற்போல் இருந்தால் வேறு கணக்கு. பார்ப்பவரின் கண்ணுக்குக் கண் வித்தியாசம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஒருமுறை பார்த்து முடிவு கட்ட முடியாது. பல ஆண்டு பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

கோல்டிங்காம் அப்படிச் சேர்த்த அளவைகள் 1808-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் வெளிவந்தன. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒரு சிறு தொடர் இருக்கிறது: வியாழனின் துணைக்கோள் கிரகணங்கள் ஜான் கோல்டிங்காமாலும் அவருடைய மேற்பார்வையிலும் காணப்பட்டவை. மேற்பார்வையில் என்றால் அவர் அல்லாத வேறு கண்களும் அந்தத் தொலைநோக்கியில் இருந்தன. மெட்ராஸின் இடத்தை உலக வரைபடத்தில் ஊன்றிய எண்ணில் அந்தக் கண்களின் பங்கும் இருக்கிறது. தலைப்பில் ஒரே பெயர்தான் அச்சாகியிருக்கிறது. மலேசியாவில் காடு வெட்டிப் பால்மரம் நட்டவர்களின் பெயர்கள் தோட்டத்து வரலாறுகளில் இல்லாமல் போனதை அறிந்த வாசகருக்கு இதைத் தனியே விளக்கவேண்டியதில்லை.

கிடைத்த எண் 80 பாகை 18 கலை 30 விகலை. நேரமாக மாற்றினால் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னே. மெட்ராஸ் நேரம் என்று பெயர் பெற்றது இதுதான். 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கியபோது, கிழக்கு மேற்கு எண்களுக்கெல்லாம் நுங்கம்பாக்கமே தொடக்கப் புள்ளி. இமயம் வரை போன அளவை அது. பின்னால் 1870-களில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தைத் தழுவின. 1906-இல் இந்தியத் திட்ட நேரம் வரும்வரை அந்த நேரம் தண்டவாளங்களை ஆண்டது.

ஆனால் எண் முழுச் சரியன்று. தந்தி வந்தபின் அளந்து பார்த்ததில் மெட்ராஸ் 80 பாகை 15 கலைக்கு அருகில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. கோல்டிங்காமின் எண் மூன்றரைக் கலைக்கு மேல் கூடுதல். தரையில் ஆறு கிலோமீட்டருக்கும் அதிகம். பழைய இந்திய வரைபடங்களில் தீர்க்கரேகையைத் திருத்திப் படிக்கச் சொல்லும் குறிப்பு நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்ததற்குக் காரணம் இந்த வகைப் பிழைதான். நேரத்தில் பார்த்தால் 14, 15 நொடி. ஒரு சிறு புள்ளி ‘இருக்கிறதா இல்லையா’ என்று தயங்கும் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு! ஒரு தொலைநோக்கி, ஊசல், பொறுமை இம்மூன்றால் அரை உலகத்துக்கு அப்பாலிருந்த ஊரோடு கால் நிமிடத்துக்குள் நேரம் பொருத்தியதைப் பிழை என்று மட்டும் சொல்லி நகர்வது நியாயமாகாது.

1871-இல் மெட்ராஸ், பினாங்கு, சிங்கப்பூர் மூன்றையும் கடலடிக் கம்பி இணைத்தது. கங்காணிகளும் கப்பல் முகவர்களும் ஆட்களைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்த அதே வங்கக் கடலின் அடியில், ஆள் பயணத்துக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆன தூரத்தை, மின்துடிப்பு கண்ணிமைப்பில் கடந்தது. வானியலாளர்களுக்கு அது பெரும் வரம். இனி ஒரு நிலவின் மறைவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு முனையில் கடிகாரத் தட்டலை அனுப்பி, மறுமுனையில் கேட்டால் போதும். 1881, 1882 ஆண்டுகளில் கிரீன், டேவிஸ், நாரிஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள் விளாதிவொஸ்டாக், நாகசாகி, ஷாங்காய், ஹாங்காங், மணிலா, சிங்கப்பூர், பத்தாவியா என்று நீண்ட சங்கிலியாக இந்தத் தந்தி அளவையைச் செய்தார்கள். சங்கிலியின் மேற்கு முனை மெட்ராஸ். கீழ்த்திசைத் துறைமுகங்களின் வரைபட இடம் நுங்கம்பாக்கத்துத் தூணோடு இப்படிக் கட்டப்பட்டது. அதற்குள் வியாழனின் நிலவுகள் இந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன.

சிங்கப்பூரின் இடம் 103 பாகை 51 கலையென்று நிலைத்தது. நேரத்தில் 6 மணி 55 நிமிடம் 25 நொடி. 1901 ஜனவரி 1 முதல் கோலாலம்பூரும் இந்த நேரத்துக்கு மாறியது. அதன்பின் தீபகற்பத்தின் கடிகாரம் நகர்ந்துகொண்டே இருந்தது. 1905-இல் முழுதாக 7 மணி. 1933-இல் 20 நிமிடம் முன்னே. 1941-இல் ஏழரை. இந்த மாற்றங்களுக்கு இடையே, 1909-இல் கெமாஸிலிருந்து ஜோகூர் பாரு வரை ரயில் பாதை திறந்தபோது அது சிகாமட், லாபிஸ், குளுவாங் வழியாகப் போய்விட்டது. யோங் பெங் சாலையை நம்பிய ஊராகவே நின்றது. அதே சாலைகள்தான் 1942 ஜனவரியில் இந்த ஊரைப் போர் வரலாற்றில் ஏற்றின. பாக்ரியிலும் பாரிட் சூலோங்கிலும் ஜப்பானியரால் சுற்றி வளைக்கப்பட்ட ஆஸ்திரேலிய, இந்தியப் படையினர் எட்டிப் பிடிக்க முயன்றது யோங் பெங்கைத்தான். அடுத்த மாதம் சிங்கப்பூர் விழுந்ததும் கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளப்பட்டன. அந்த மூன்றரை ஆண்டும் யோங் பெங்கில் சூரியன் உச்சிக்கு வந்தது கடிகாரத்தில் பிற்பகல் 2 மணி 8 நிமிடத்துக்கு. 1945 செப்டம்பரில் ஏழரை திரும்பியது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பம் சபா, சரவாக்கோடு சேர்ந்து 8 மணிக்கு வந்தது. தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதல் இருட்டில் எழுந்தது அன்றிலிருந்துதான்.

கோல்டிங்காம் பார்த்ததை யோங் பெங்கிலிருந்து பார்க்க இன்று ஆய்வகம் வேண்டாம். ஏறத்தாழ 13 மாதத்துக்கு ஒருமுறை வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வருகிறது. அப்போது சூரியன் மறைய, கிழக்கே அது எழும். 2026-இல் இந்த நேரெதிர் நாள் ஜனவரி 10, மிதுனத்தில். அதற்குப் பின்வரும் மாதங்களில் மாலையிலேயே உயரத்தில் நிற்கும். நகரத்தின் விளக்கொளியும் நெடுஞ்சாலைப் பக்கத்து வெளிச்சமும் அதை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளிக்கும் சந்திரனுக்கும் அடுத்தபடி இரவு வானில் வழக்கமாக மிகப் பிரகாசமானது வியாழனே. சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டம்தான் பகை. பிற்பகலில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பின் மாலை வானம் தெளிந்தால் அதைவிட நல்ல நேரம் இல்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண இருகண் நோக்கி போதும். முழங்கையைச் சுவரிலோ காரின் கூரையிலோ அழுத்திக்கொள்ள வேண்டும். கை நடுங்கினால் நிலவுகள் கரைந்துவிடும். புத்தகப் படங்களில் நிலவுகள் கோளின் இடமும் வலமுமாகப் படுத்திருக்கும். யோங் பெங்கில் அப்படித் தெரியாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே வெறும் 2 பாகையில் இருக்கும் ஊர் ஆதலால் கோள்கள் கிழக்கே ஏறக்குறைய செங்குத்தாக எழுந்து மேற்கே செங்குத்தாக இறங்குகின்றன; நிலவுகளின் வரிசையும் அதோடு நிமிர்ந்து ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். படத்தைக் கால் சுற்று திருப்பிப் பிடித்தால் பொருந்தும். சில மாலைகளில் நான்கும் தெரியும், சில மாலைகளில் மூன்றோ இரண்டோதான். காணாமல் போனது கோளின் முன்னாலோ பின்னாலோ நிழலுக்குள்ளோ இருக்கும். அடுத்த நாள் மாலை பார்த்தால் வரிசை மாறியிருக்கும்.

இன்னும் ஒன்று மாலை நேரத்துக்கே உரியது. நேரெதிர் நாளுக்கு முந்தைய மாதங்களில் வியாழனின் நிழல் அதன் மேற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். அயோ நிழலுக்குள் நுழைந்து மறைவதை மட்டுமே பார்க்க முடியும், வெளிவருவது கோளுக்குப் பின்னால் நடந்துவிடும். நேரெதிர் நாளுக்குப் பின் நிழல் கிழக்கே சாய்கிறது. அப்போது அயோ கோளுக்குப் பின்னால் போய் மறையும், வெளிவருவதுதான் தெரியும். மேற்கே சாய்ந்த வியாழனுக்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இருட்டில், ஒரு புள்ளி மெல்லப் பிறந்து மூன்றரை நிமிடத்தில் முழு ஒளி பெறும். இதற்கு இருகண் நோக்கி போதாது. 60 மில்லிமீட்டர் வாயுள்ள சிறு தொலைநோக்கியும் தாங்கியும் வேண்டும். முன்கணிப்பு நேரம் உலகப் பொது நேரத்தில் கிடைக்கும். அதோடு 8 மணி கூட்டிக்கொண்டால் மலேசிய நேரம். பள்ளி வானியல் மன்றங்கள் இந்த ஒரு நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், நொடிகளை எண்ணச் சொல்லி ஒவ்வொருவரும் எழுதும் விடையை ஒப்பிட்டால், கோல்டிங்காமின் 15 நொடிப் பிழை எங்கிருந்து வந்தது என்பதைப் பாடமாக நடத்தவே வேண்டியிராது.

மெட்ராஸ் வானாய்வகத்தின் வானியல் வேலை 1899-இல் கொடைக்கானலுக்குப் போயிற்று. ஜான் ஷெல்டன் செய்த பழைய ஊசல் கடிகாரமும் மலையேறியது. அது அங்கே இன்றும் காக்கப்படுகிறது. ஆனால் வியாழனின் நிலவுகளோடு தமிழ்நாட்டுக்கு இருந்த உறவு அத்தோடு முடியவில்லை. 1960-களின் பிற்பகுதியில் வானியலாளர் வேணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூர் என்ற சிற்றூரைத் தேர்ந்து, அங்கே புதிய வானாய்வகம் எழுப்பினார். 1972-இல் அங்கே 1 மீட்டர் வாயுள்ள ஸைஸ் தொலைநோக்கி வந்தது. வந்த சூட்டோடு அதற்கு ஒரு வேலையும் காத்திருந்தது: ஜூன் 7 அன்று கனிமீடு, மங்கலான ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு போகும். அந்த மறைப்பு இந்தியாவிலும் ஜாவாவிலும் தெரியும்.

கோல்டிங்காம் பார்த்தது கோளின் நிழல் நிலவை மறைப்பதை. இது நிலவே ஒரு விண்மீனை மறைப்பது. கனிமீடுக்குக் காற்று இல்லையென்றால் விண்மீன் சட்டென்று அணையும். மெல்லிய காற்று இருந்தாலும் ஒளி படிப்படியாக இறங்கும். காவலூரில் ஜே.சி. பட்டாச்சாரியாவும், ஜாவாவின் லெம்பாங்கில் இருக்கும் பொஸ்சா வானாய்வகத்தில் பம்பாங் ஹிதாயத்தும் மற்றவர்களும் ஈடுபட்ட இந்த அளவை, அமெரிக்க அறிவியலாளர் கார்ல்சனை முதலாசிரியராகக் கொண்டு 1973-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. இம்முறை பெயர்கள் வரிசையாக அச்சாயின. கனிமீடுக்கு மிக மெல்லிய காற்று மண்டலம் உண்டு, அதன் அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்காவது இருக்கும் என்பது அதன் முடிவு.

1979-இல் அருகே பறந்த வாயேஜர் 1 விண்கலம், வேறொரு விண்மீனின் மறைப்பைப் புறஊதா ஒளியில் அளந்து, அவ்வளவு காற்று அங்கே இருக்க முடியாது, இருந்தால் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவு என்று சொல்லிவிட்டது. 1990-களில் ஹப்பிள் தொலைநோக்கி கனிமீடைச் சுற்றி ஆக்சிஜனின் மெல்லிய ஒளியைப் பிடித்தது. காற்று இருக்கிறது, காவலூர் சொன்ன அளவில் இல்லை. இவற்றுக்கு முன்பே காவலூர் தொலைநோக்கி 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோதும் விழித்திருந்தது. பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் அங்கே கண்ட எதிர்பாராத ஒளிக்குறைவு, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்ற அந்த இரவின் கண்டுபிடிப்போடு சேர்ந்தது.

2023 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஏவிய ஜூஸ் விண்கலம் 2031-இல் வியாழனை அடைந்து, 2034 இறுதியில் கனிமீடைச் சுற்றத் தொடங்கும் என்பது திட்டம். பூமியின் நிலவைத் தவிர வேறொரு கோளின் நிலவை ஒரு விண்கலம் சுற்றி வருவது அதுவே முதல்முறையாக இருக்கும்.

அடுத்த பகுதியில் மீண்டும் நுங்கம்பாக்கம்: 1867-இல் ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1874-இல் வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைப் பஞ்சாங்கம் பார்க்கும் மக்களுக்கு அவரவர் மொழியில் விளக்கப் புறப்பட்ட கதை.